சாப்பாட்டுக்குள் மாத்திரையும் யூதச் சதியும்

அம்பாறையை அதற்குள் மறந்துவிட்டோமா? 2018 பெப்ரவரியில் கடைச் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை என்று ஒரு கதை. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகுதான்.

அதே நாம்தான் இன்று "உலகத்தை ஆட்டிவைப்பது யூதர்களின் இரகசிய சபை" என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தரம் 10 பிள்ளை ஒன்று அதை நம்மிடமே கேட்டது. யார் அனுப்பினது என்றால், வாப்பாவாம்! அந்தச் 'சபை'யின் திட்டம் என்று காட்டப்படும் நூல், மூன்றாம் நெப்போலியனைச் சாடிய 1864ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நூலொன்றிலிருந்து திருடப்பட்டது. லண்டன் டைம்ஸ் 1921இலேயே அதை அம்பலப்படுத்திவிட்டது.

2008 டிசம்பரில் பேர்லினில், யூத எதிர்ப்பை ஆராயும் பல்கலைக்கழக மையம் ஒரு மாநாடு வைத்தது. யூதரை எதிரியாகக் காட்டிய விதத்தையும் முஸ்லிம்களை எதிரியாகக் காட்டும் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மையத்தின் அப்போதைய தலைவர் வொல்ஃப்காங் பென்ஸ் அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பேச்சை விடவில்லை. நம்மீது கட்டப்படும் பொய்க்கு அங்கே ஒருவர் ஏச்சு வாங்குகிறார், நாம் இங்கே பழைய பொய்யை ஃபோர்வேர்ட் பண்ணுகிறோம்.

"அப்போ காஸா?" என்பீர்கள். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பதெல்லாம் யூத வெறுப்பு என்பதை நாமும் ஏற்கவில்லை. 2021 ஜெரூசலம் பிரகடனத்தில் யூத அறிஞர்கள் பலரும் அதை மறுத்தே ஒப்பமிட்டார்கள். அவர்களின் வாயை அடைக்க நினைப்பவனுக்கு நம்ம 'இரகசிய சபை' வீடியோவை விட நல்ல சாட்சி எது? குழுமத்தில் கிடப்பதை இன்றைக்கே அழியுங்கள், வாப்பாமாரே.