கேக்கத் தெரியுமா தம்பி?

அமெரிக்காவில் டாக்டர் மேல்படிப்புக்கு இன்டர்வியூ உண்டு. 2020 கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான். மதுரையில் மேலே கோட்டு, கீழே கைலியோடு ஆஜராகிவிடலாம். கடைசியில், 'எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். நம்ம ஆள் அங்கேதான் முழிப்பான். கிளாஸில் சந்தேகம் கேட்டு, 'உட்காருடா!' வாங்கி வளர்ந்தவனாச்சே!

'சம்பளம், லீவு கேக்கலாமா மாமா?' என்றான் அக்கா பையன். அதெல்லாம் அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது.

'ராத்திரி ரெண்டு மணிக்குப் புரியாத கேஸ் வந்தா யாரைக் கூப்பிடணும்? அவர் வருவாரா, திட்டுவாரா?' - இதைக் கேளுடா என்றேன். அதுவும் டைரக்டரிடம் அல்ல. அங்கே படித்துக்கொண்டிருக்கும் ரெஸிடென்ட்டிடம். பதிலைவிட, பதிலுக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பது முக்கியம். அந்த ரெண்டு மணி கேஸ், யாரோ ஒருவருடைய அப்பா.

நம்ம ஊரில் இன்டர்வியூவே கிடையாது. 2017 அட்மிஷனிலிருந்து நீட் பி.ஜி. ரேங்க், கவுன்சலிங், அவ்வளவுதான். யாரும், 'கேள்வி இருக்கா தம்பி?' என்று கேட்கமாட்டார்கள். அதனால் காலேஜ் பெயரை எழுதுமுன் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கே போங்கள். டூட்டி முடிந்து வரும் பி.ஜி.க்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள். 'வேலை இடம் கொடுத்தால்' வாரம் ஒரு நாள் லீவு என்கிறது 2023 விதிமுறை. இடம் கொடுத்ததா என்று கேளுங்கள். டீ ஆறுவதற்குள் அவர் தூங்கிவிட்டால், எழுப்ப வேண்டாம்.