வீட்டு இணையத்திற்கும் காவல் தேவை

பிறைத் தொழிற்பேட்டையில் இரவுப் பணி செய்யும் பெற்றோர் பலர், வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேமராவழி திறன்பேசியில் பார்த்துக்கொள்கின்றனர். அந்தக் கேமராவை இணையத்தோடு இணைக்கும் ரௌட்டரையோ பொருத்திய நாளிலேயே மறந்துவிடுகிறோம். இது சரியன்று என்பது என் கருத்து.

2016இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் வீட்டு ரௌட்டர்களிலும் கேமராக்களிலும் புகுந்தது. பூட்டை உடைத்தன்று, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளைத் தேடிப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளைக் கொண்டே நடத்தப்பட்ட தாக்குதலால் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குச் சில மணி நேரம் எட்டாமல் போயின. தம் வீட்டுக் கேமராவும் அதில் பங்கேற்றதை உரிமையாளர்கள் எப்படி அறிவர்?

ஆகவே, கடவுச்சொல்லை மாற்றுவதோடு நில்லாமல், ரௌட்டரின் தீச்சுவரில் நாமும் விதி எழுத வேண்டும். மிராய் தட்டிப் பார்த்த 23ஆம் எண் நுழைவாயிலுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பை முதலில் தடுக்கலாம். விதிகளின் வரிசையிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான ரௌட்டர்கள் அவற்றை மேலிருந்து கீழாகவே படிக்கும். ‘அனைத்தையும் அனுமதி’ என்பது மேலே இருந்தால் கீழுள்ள தடை வீண்.

“இதெல்லாம் வல்லுநர் வேலை” என்பர் சிலர். கதவைப் பூட்ட வல்லுநரையா அழைக்கிறோம்? அம்மா வேலையிடத்திலிருந்து தம்பியைப் பார்ப்பதற்கு இவ்விதி தடையுமன்று.