நூடுல்ஸ் வண்டிக்கும் இடம் வேண்டும்

மாலை 7 மணிக்கு மேல் மும்பையில் எந்த ரெயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலும் இரும்பு வாணலியில் கரண்டி அடிக்கும் சத்தம் கேட்கும். சிவப்பு வர்ணம் பூசிய தள்ளுவண்டி. சீறி எரியும் கியாஸ் அடுப்பு. "சைனீஸ்" கடை!

நம் பெரியவர்கள் பலர் இதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். "புழு போல இருக்கிறதே, அதைப்போய்த் தின்கிறாயே" என்று பிள்ளைகளை ஏசுகிறார்கள். இடியாப்பம் தின்று வளர்ந்த நாம் இப்படிப் பேசலாமா?

வேகவைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ் கூடையில் தயாராக இருக்கும். முட்டைக்கோஸ், குடமிளகாய், வெங்காயத்தாள், சோயா சாஸ், வினிகர், காரமான "செஷ்வான்" சட்னி. எல்லாம் முழுத் தீயில் இரண்டு புரட்டு. சில நிமிடத்தில் தட்டு கைக்கு வந்துவிடும். வேலை முடிந்து அறைக்குப் போய் அடுப்பு மூட்டத் தெம்பில்லாத தனி ஆளுக்கு இது பெரிய உதவி. பொரித்த நூடுல்சில் கோசும் வெங்காயமும் கலந்து "சைனீஸ் பேல்" என்று தருகிறார்கள். அதைச் சீனாவில் தேடினாலும் கிடைக்காது. அது மும்பைச் சரக்கு!

"ஹக்கா நூடுல்ஸ்" என்கிறோமே, ஹக்கா என்பது பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்த சீன மக்களில் ஒரு பிரிவினரின் பெயர். அங்கே தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள். 1962-ம் ஆண்டு போரின்போது சுமார் 3 ஆயிரம் சீன வம்சாவளியினரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். வந்த இடத்தில் அன்னியனாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று மும்பைத் தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சுத்தம் பற்றிய புகாரை நான் மறுக்கவில்லை. ஒரே வாளித் தண்ணீரில் தட்டு கழுவும் கடையில் நான் சாப்பிடுவதில்லை. கருத்த எண்ணெயும் கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சாயமும் கூடாது. ஆனால் குழாயும் குப்பைத் தொட்டியும் தராமல் சுத்தத்தை மட்டும் கேட்டால் எப்படி?

2017-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் ரெயில் நிலையங்களில் இருந்து 150 மீட்டருக்குள் தெருக்கடை கூடாது என்று மும்பை ஐகோர்ட்டு கூறியது. ரெயில்வேயில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நடைபாலத்தில் கடை கூடவே கூடாது.

ஆனால் 150 மீட்டருக்கு அப்பால் இடம் எங்கே? தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ம் ஆண்டே வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். வியாபாரிகளின் பிரதிநிதிகள் இடம்பெறும் கமிட்டிக்கு மும்பையில் தேர்தல் நடந்ததே 2024-ல்தான். பத்து ஆண்டு தாமதம்!

"சைனீஸ் வண்டியைத் தூக்கினால் நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் தாராவியில் இருந்து அதிகாலையில் இட்லிப் பாத்திரத்துடன் புறப்படும் நம் ஆட்களை நினைத்துப் பார்க்கட்டும். மாநகராட்சி லாரி வாணலியா, இட்லிப் பாத்திரமா என்று பார்த்து ஏற்றுவதில்லை. உங்கள் வட்டாரத்தில் எந்தத் தெருவில் இடம் ஒதுக்கப்போகிறார்கள் என்று வார்டு ஆபீசில் எழுதிக் கேளுங்கள். தமிழ்ச் சங்கங்களும் கேட்கலாம்.