சிக்கன அடுப்பு வீடு சேர வேண்டுமானால்

குறைந்த விறகில் நிறைந்த வெப்பம் தரும் அடுப்பைச் செய்வது இன்று அரிய வித்தையன்று. அதை வாங்கச் செய்வதும், வாங்கியவர் இல்லத்தில் அது நிலைத்திருக்கச் செய்வதுமே அரிது. சமையல் எரிவாயு வந்துவிட்ட பல வீடுகளிலும் குளிக்க வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகே எரிகிறது. ஆகவே இது நெசவாளர், விவசாயி ஆகிய இரு சாராரின் கைச்செலவையும், அடுப்படியில் நிற்கும் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் பொறுத்த விஷயமாகும்.

இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வகுத்தளித்தார். பின்னர் 1983ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் திட்டம், 2002ல் முடிவுறுவதற்குள் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகளை மானியத்துடன் வழங்கிற்று. எனினும் அவற்றுள் பெரும் பகுதி நெடுநாள் உபயோகத்தில் இல்லை. எத்தனை அடுப்பு வைத்தோம் என்ற கணக்கு இருந்தது. எத்தனை எரிகின்றன என்று பார்ப்பார் குறைவு. புகைபோக்கி அடைத்தால் சுத்தம் செய்து தர ஆளில்லை. வீட்டுப் பாத்திரத்துக்கு அடுப்பின் வாய் பொருந்தவில்லை.

சீன தேசத்தில் 1982ல் தொடங்கிய திட்டம் வேறு வழியில் சென்றது. செலவின் பெரும் பங்கைக் குடும்பங்களே ஏற்றன. உள்ளூர்த் தொழிலகங்கள் முக்கிய உறுப்புகளைச் செய்து விற்றன. பத்தாண்டுகளில் சுமார் 13 கோடி வீடுகளில் அவ்வடுப்பு இடம் பெற்றது. கென்யாவிலும் 1980களில், உள்ளே சுட்ட மண் பதித்த தகரக் கரியடுப்பைச் சிறு கைவினைஞர்கள் செய்து, சந்தையில் லாபத்துடன் விற்றுப் பரப்பினர். விற்பவனுக்கு ஜீவனமும் வாங்குபவனுக்கு நம்பிக்கையும் இருந்தால் சரக்கு தானே பரவும் என்பது இவற்றால் விளங்கும்.

நம் சங்கம் செய்யத்தக்கவை சில. முதலாவது, பிரசங்கத்தை விட்டு நிரூபணத்தைக் கைக்கொள்வது. சங்க வாசலில் பழைய அடுப்பையும் புதிய அடுப்பையும் பக்கத்தில் வைத்து, சம எடையுள்ள உலர்ந்த விறகும் சம அளவு தண்ணீரும் கொடுத்துக் கொதிக்க வைப்போம். மீந்த விறகை எல்லோர் முன்னும் தராசில் நிறுப்போம். தீர்ப்புச் சொல்பவர்கள் சமைக்கும் பெண்களாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, உண்மையைச் சொல்லி விற்பது. கனத்த செங்கல் வெப்பத்தைத் தானே உறிஞ்சிவிடும்; சாம்பல் போன்ற இலேசான பொருளால் தீயறையைச் சூழ்ந்தால்தான் வெப்பம் பாத்திரத்துக்குச் சேரும். ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையும். புகைபோக்கி இல்லாத சிக்கன அடுப்பு விறகை மிச்சப்படுத்தலாம். புகையை அறவே நீக்காது. இவற்றை மறைத்து விற்றால் முதல் மாதத்திலேயே பெயர் கெட்டுவிடும்.

மூன்றாவது, விலையைத் தவணையாக்குவது. இலவசமாக வந்த பொருளை மதிப்பார் குறைவு. முழு விலையை ஒரே தடவையில் தர ஏழை அங்கத்தினரால் இயலாது. கூலியிலும் விளைபொருள் கிரயத்திலும் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்வது இரண்டுக்கும் பரிகாரம். அங்கத்தினர் சம்மதம் எழுத்தில் பெறுதல் அவசியம்.

நான்காவதே தலையாயது. உள்ளூர்க் குயவரும் கொத்தரும் இவ்வடுப்பைச் செய்யப் பயிற்சி பெற வேண்டும். விற்ற அடுப்பை ஓராண்டு வரை வந்து பார்த்துச் சீர் செய்யும் பொறுப்பும், அதற்குரிய கூலியும் விலையிலேயே அடங்க வேண்டும். பணத்தின் ஒரு பகுதியை அவ்வாண்டின் முடிவில், அடுப்பு எரிவதைக் கண்ட பின்னரே செய்தவருக்கு அளிக்கலாம்.

பெருந்தொகை கேட்கும் யோசனைகள் அல்ல இவை. முதலில் பத்து வீடுகளில் ஒரு மழைக்காலம் முழுதும் பரீட்சித்து, அவ்வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்ட பிறகு விரிவாக்கலாம். வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துக்கொண்டு தீர்மானிக்குமாறு வேண்டுகிறோம்.