மன்னிப்பின் மொழி

நாவலைப் பாடமாக நடத்தும்போது கரு, கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, வருணனை, உத்தி என்று கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தை நிரப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. அது எவ்வளவு போதாதது என்பதை, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை மாணவர்களோடு வாசிக்கும் தமிழாசிரியர் எவரும் விரைவிலேயே உணர்ந்துவிடுவார்.

1977-இல் வெளிவந்த அந்த நாவலின் சம்பவங்களை மட்டும் எடுத்துரைத்தால், அது கைவிடுதல்களின் ஜாபிதாவாகவே தோன்றும். உத்தியோகம் கிடைத்து வெளியூர் சென்ற மகன் செபஸ்தி, மீன்பிடி வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு தகப்பன் மிக்கேலை வற்புறுத்துகிறான். மனைவி மரியம்மையின் மனமோ ஊர் வாத்தியார் ஒருவரிடம் சாய்ந்திருக்கிறது. மகள் பிலோமி தன்னையே ஒப்புக்கொடுத்து நேசித்த சாமிதாஸ் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். ஆயினும் இவர்களை நிறுத்தி விசாரிக்கும் நியாயஸ்தலம் அந்நாவலில் கூடுவதே இல்லை. தாய் மறைந்த பின்னர், தாய்க்குப் பிரியமாயிருந்த அதே வாத்தியாரிடம் பிலோமி துவேஷமின்றி ஸ்நேகம் கொள்கிறாளே, அந்த இடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்தாமல், உபதேசம் செய்யாமல், சிறுசிறு வாக்கியங்களால் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த நிதானமே மன்னிப்பாக உருவெடுத்துவிடுகிறது. நடையை ஒரு கட்டத்திலும் கருவை வேறொரு கட்டத்திலும் எழுதிவைத்தால் இந்த ரகசியம் மாணவனுக்கு எவ்விதம் புலனாகும்?

வல்லத்தைக் ‘குறியீடு’ என்று எழுதி அடிக்கோடிடுவதும் அத்தகைய அவசரமே. விசைப்படகுகளான லாஞ்சுகள் வந்து வல்லத்துக்காரரின் ஜீவனத்தை நெருக்கும் காலத்தில், மிக்கேலுக்கு வல்லம் குடும்பத்தில் ஓர் உயிர். அதை விற்பது பெற்ற பிள்ளையைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். பாவூர்சத்திரம் சந்தையில் நம் காதில் விழும் நெல்லைப் பேச்சு வேறு, நாவல் நிகழும் மணப்பாட்டுக் கரையின் பேச்சு வேறு என்றாலும், குற்றாலத்தில் விழுந்து சிற்றாறாய் ஓடிப் பொருநையில் கலக்கும் நீர் அந்தக் கடலைத்தானே சேர்கிறது. காணியை விற்றுவிட்டு மகனோடு பட்டணம் போன தகப்பனைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு மிக்கேலின் துக்கத்தை விளக்கவேண்டிய அவசியமே இராது.

நெல்லைச் சீமையின் மற்றொரு கதையையும் இதன் அருகில் வைத்துப் படிப்பது நலம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், ராமனால் சாபம் நீங்கிய அகலிகை, அதே ராமன் சீதையை அக்கினிப்பிரவேசம் செய்யச் சொன்ன செய்தியறிந்து மீண்டும் கல்லாகிறாள். மேலிருந்து அருளப்பட்ட மன்னிப்பு அங்கே தோற்றுப்போகிறது. கடற்கரைக் குடிசையில் சமமானவர்களுக்குள் பிறக்கும் மன்னிப்போ நிலைத்து நிற்கிறது. பிலோமியின் மன்னிப்பே உயர்ந்தது என்பது எம் துணிபு.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் தம்மை நாடி வந்தவர்களுக்குக் கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே அனுபவிக்கச் செய்தார். உரைநடைக்கும் அந்த மரியாதை உண்டு. ஆசிரிய நண்பர்களே, அடுத்த வகுப்பில் கரும்பலகைக்குப் போகுமுன், ‘கடல்புரத்தில்’ நாவலின் ஓர் அத்தியாயத்தை முழுமையாக, நிறுத்தி நிதானமாக, மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.