சோதனைக்குக் காசு யார் கொடுப்பது?

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் தொழிலாளி, விமானம் ஏறுமுன்பே கடன்காரனாகி விடுகிறான். ஏஜண்டுக்கு ஒரு கடன். டிக்கெட்டுக்கு ஒரு கடன். "மெடிக்கல்" பார்க்க இன்னொரு கடன்! முதல் இரண்டைப் பற்றி ஊரே பேசுகிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசுவாரில்லை. நாம் பேசுவோம்.

சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான் ஆகிய ஆறு நாடுகளும் கூடி வகுத்த விதி இது. வேலை விசா வேண்டுமா? அவர்கள் அங்கீகரித்த தனியார் நிலையத்தில்தான் உடம்பைக் காட்ட வேண்டும். முன்பு "காம்கா" என்றார்கள். இப்போது "வாஃபித்" என்கிறார்கள். பெயர் மாறிற்று, காசு கட்டுகிறவன் மாறவில்லை. ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து "ஃபிட்" அல்லது "அன்ஃபிட்" என்று முத்திரை குத்துகிறார்கள். விசா தாமதமாகிச் சான்றிதழ் காலாவதியானால் மறுபடியும் காசு. அங்கே போய் இறங்கியதும் இன்னொரு சோதனை. அதில் தவறினால் ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வாங்கிய கடனை யார் அடைப்பது?

"நோய் பரவாமல் தடுக்க வேண்டாமா?" என்று கனவான்கள் கேட்பார்கள். தடுக்கத்தான் வேண்டும்! ஆனால் துபாய்க்குக் கடைவீதி சுற்றப் போகும் சீமானிடம் எக்ஸ்ரே கேட்பதில்லையே, ஏன்? காசநோய்க் கிருமி சுற்றுலா விசாவைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறதா?

காசநோய் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். குணமான பிறகு நுரையீரலில் தழும்பு நிற்கலாம். தழும்பு யாரையும் தொற்றாது. ஆனாலும் அந்தத் தழும்பைக் காட்டியே "அன்ஃபிட்" என்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண் கர்ப்பமாயிருந்தாலும் "அன்ஃபிட்"! கர்ப்பம் ஒரு நோயா? இது ஆரோக்கியத்தைக் காக்கும் சோதனையா, சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் சோதனையா?

இது புதிய கதையும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் முன்னோரை மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைத்து வைத்துச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். கொரோனா காலத்திலும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் அமீரகம் போக இரண்டு சோதனைகள்: 48 மணி நேரத்துக்குள் ஒன்று, விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் காசு. பணக்காரனுக்கு அது சில்லறை. கூலிக்காரனுக்குப் பல நாள் கூலி!

சட்டம் என்ன சொல்கிறது? எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2017இல் நிறைவேற்றியது. அது 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வேலை பெறுவதற்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது என்கிறது அது. ஆனால் நம் மண்ணிலேயே இயங்கும் நிலையங்களில் அந்தச் சோதனை அன்றாடம் நடக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 2010ஆம் ஆண்டுச் சிபாரிசும், வெளிநாடு போகும் தொழிலாளிக்கு இந்தச் சோதனை கூடாது என்கிறது. 2019இல் அதே ஸ்தாபனம் வெளியிட்ட வரையறை, மருத்துவச் சோதனைச் செலவையும் ஆள் எடுக்கும் செலவாகவே கணக்கிடுகிறது. அந்தச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பதே அதன் கொள்கை. ஆள் யாருக்குத் தேவையோ, அவன் கொடுக்கட்டும்!

ஆகவே நாம் கோருவது:

1. சோதனைச் செலவு முழுவதையும், எத்தனை முறை நடந்தாலும், வேலை கொடுப்பவனே ஏற்க வேண்டும்.

2. சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் சான்றிதழை வளைகுடா நாடுகள் ஏற்கும்படி மத்திய சர்க்கார் பேசி முடிக்க வேண்டும்.

3. "அன்ஃபிட்" என்றால் காரணத்தை எழுத்தில், ரகசியமாக, அவனிடமே தர வேண்டும்; மறுசோதனை உரிமையும் சிகிச்சையும் வேண்டும்.

4. தேறாதவனுக்கு ஏஜண்டு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை மெடிக்கலுக்குப் போனால் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆலைச் சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் அந்த ரசீதுகளைச் சேருங்கள். அவற்றோடு சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் வாசலுக்குத் திரண்டு போவோம். தனி மனிதனின் புகார் குப்பைக் கூடைக்குப் போகும். ஆயிரம் ரசீதுகளோடு சங்கம் வந்தால் எந்த அதிகாரியும் எழுந்து நின்று பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!