சாணைக்கல்லை மூடி வையுங்கள்

செங்கம் சாலைத் தேநீர்க் கடையில் நண்பர் வாதிட்டார்: லைசென்ஸ் ரிவால்வரின் விசை முரடாக இருந்தால் சாணைக்கல்லால் வீட்டிலேயே இழைத்துக்கொள்ளலாமாம். அவருடைய பொருள், அவருடைய உரிமையாம்.

இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது. வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

சட்டத்தை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். இரட்டை இயக்க ரிவால்வரில் ஒரே இழுப்பு சுத்தியைப் பின்னே தூக்கி, உருளையைச் சுழற்றி, சுத்தியை விடுவிக்கவும் வேண்டும். கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வரும் அப்படித்தான். அந்த இழுப்பின் கனம் கைதவறி வெடிப்பதற்கு எதிரான காவலும்கூட. பல ரிவால்வர்களில் உள்பாகங்களின் கடினம் மேல்தோலில் மட்டுமே. அது தேய்ந்துபோனால் அடியில் மென்மையான எஃகு, அப்புறம் தேய்மானம் விறுவிறுவென்று நடக்கும். சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் கோணம் இம்மி மாறினால், தூக்கி நிறுத்திய சுத்தி தானாகவே நழுவலாம். ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலோ, அடி பலமின்றி விழுந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். தற்காப்புக்குத்தானே வைத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் இப்படி!

"திருடன் வந்தால்?" என்றார். 1924இல் ரமணாசிரமத்துக்கே திருடர்கள் வந்தார்கள், ரமணரையே அடித்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்த பக்தர்களை அவர் தடுத்தார். எல்லோரும் அப்படி இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், அரைகுறையாய் இழைத்த ரிவால்வர் திருடனைவிட அருகில் இருக்கிறது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், ஐயா.